குதிரையோடு போட்டி போடும் மலை ஓட்டம்!

ஒரு மனிதனும் ஒரு குதிரையும் பந்தயம் ஓடினால் யார் ஜெயிப்பார்கள்? பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகூட யோசிக்காமல் ‘குதிரை’ என்று சொல்லிவிடும். சமதளத்தில், கண்ணுக்கெட்டும் தூரத்துக்குள் ஓடினால் அது சரியான பதில்தான். ஆனால், 35 கிலோமீட்டர் தூரம். மேடும் பள்ளமும் சதுப்பும் பாறையுமாகக் கிடக்கும் மலைப்பாதை. இடையில் இறங்கிக் கடக்க ஆற்றுத் தண்ணீர். தலைக்கு மேல் ஜூன் மாத வெயில். இப்படி இருந்தால் பதில் அவ்வளவு சுலபமில்லை.

இந்தக் கேள்விக்கு 1980-ம் ஆண்டிலிருந்து ஓடி ஓடியே பதில் தேடிவருகிறது ஒரு சிற்றூர். பிரிட்டனின் மேற்குப் பகுதியான வேல்ஸில், பவிஸ் மாவட்டத்தில் இருக்கும் லான்ஊர்டிட் வெல்ஸ்தான் அந்த ஊர். மக்கள்தொகை ஆயிரத்தைத் தொடாது. ‘பிரிட்டனிலேயே சின்ன டவுன் எங்களுடையதுதான்’ என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமை பேசிக்கொள்வார்கள். ஊருக்கு நடுவே இர்வோன் ஆறு ஓடுகிறது. வடக்கே கேம்பிரியன் மலைகள், தெற்கே எப்பின்ட் மலை. எந்தத் திசையில் நடந்தாலும் அரை மணி நேரத்தில் ஆட்டு மந்தைக்கு நடுவில் நிற்கலாம்.

தவளை காட்டிய தண்ணீர்

ஊரின் பெயரில் இருக்கும் ‘வெல்ஸ்’ என்பதற்கு ஊற்றுகள் என்று பொருள். 1732-ல் தியோபிலஸ் எவன்ஸ் என்ற பாதிரியார் நோயால் வாடிக்கொண்டிருந்தார். அழுகிய முட்டை போல கந்தக நெடி அடிக்கும் ஓர் ஊற்றில் தவளை ஒன்று திடகாத்திரமாகத் துள்ளுவதைப் பார்த்து, ‘தவளைக்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்று தானும் அந்தத் தண்ணீரைக் குடித்துக் குணமடைந்தார் என்பது ஊர் வரலாறு. பிறகென்ன... அந்த நாற்றத் தண்ணீரைக் குடிக்கவும் அதில் குளிக்கவும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். 1860-களில் ரயில் வந்ததும் கூட்டம் பெருகியது. விடுதிகள் எழும்பின. இருபதாம் நூற்றாண்டில் ஊற்று வைத்தியத்தின் மவுசு குறைய, விடுதிகள் காலியாகின.

மிச்சமிருந்தது மலையும் ஆடும்தான். வேல்ஸ் மலை விவசாயி செம்மறியை நம்பித்தான் குடும்பம் நடத்துகிறார். இறைச்சிக்கு விலை உண்டு. ஆனால், ஒரு காலத்தில் நாட்டையே வாழவைத்த ரோமத்தின் கதை வேறு. கத்தரிப்பவருக்குக் கொடுக்கும் கூலிக்கே ரோம விலை போதாத ஆண்டுகள் அண்மைக் காலத்தில் பல. கத்தரிக்காமல் விட்டால் ஆட்டுக்குப் புழு வைக்கும். நஷ்டம் என்று தெரிந்தே கத்தரிக்க வேண்டியிருக்கிறது.

இப்படிப்பட்ட ஊரில் ‘நெயத் ஆர்ம்ஸ்’ என்ற விடுதியை நடத்திவந்தவர் கார்டன் கிரீன். ஒரு நாள் அவருடைய மதுக்கூடத்தில் இரண்டு பேருக்குள் வாக்குவாதம். நீண்ட தூரம், காடு மேடெல்லாம் கடந்து ஓடினால் மனிதன் எந்தக் குதிரைக்கும் சளைத்தவனில்லை என்றார் ஒருவர். மற்றவர் ஒப்புக்கொள்ளவில்லை. குடித்துவிட்டுப் பேசிய பேச்சு என்று விடாமல், ‘ஓடியே பார்த்துவிடலாமே’ என்று பந்தயமாக்கிவிட்டார் கிரீன். ஊருக்கு நாலு பேர் வந்து தங்கினால் நல்லதுதானே என்ற விடுதிக்காரரின் கணக்கும் அதில் உண்டு. 1980-ல் முதல் பந்தயம் நடந்தது. குதிரைதான் ஜெயித்தது.

ஏற்றத்தில் தொடங்கும் சோதனை

ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஊர் நடுவிலிருந்து மனிதர்கள் முதலில் கிளம்புகிறார்கள். குதிரைகள் 15 நிமிடங்கள் கழித்து விடப்படுகின்றன. குறுகலான பாதையில் ஆள்மேல் குதிரை ஏறிவிடக் கூடாது என்பதற்காக இந்த இடைவெளி. முடிவில் அந்த 15 நிமிடங்களைக் குதிரையின் நேரத்திலிருந்து கழித்துவிடுவார்கள். முழுத் தூரமும் ஓட முடியாதவர்களுக்கு, மூன்று பேர் பங்கிட்டு ஓடும் தொடர் ஓட்டமும் உண்டு.

மாரத்தான் என்று பெயர் இருந்தாலும், வழக்கமான 42 கிலோமீட்டர் இல்லை. பாதை அவ்வப்போது மாறும்; பெரும்பாலும் 35 கிலோமீட்டரை ஒட்டி இருக்கும். அந்தக் குறையை ஏற்றம் ஈடுகட்டிவிடுகிறது. மொத்த ஏற்றங்களையும் கூட்டினால் மூவாயிரம் அடியைத் தாண்டும். தார்ச்சாலையில் ‘கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடம்’ என்று கணக்குப் பார்த்துப் பழகியவர்களின் கணக்கெல்லாம் முதல் ஏற்றத்திலேயே தவறிப்போகிறது. அனுபவசாலிகள் செங்குத்தான இடத்தில் ஓடுவதில்லை. முழங்காலில் கைகளை ஊன்றி, முன்னால் சாய்ந்து, விறுவிறுவென்று நடக்கிறார்கள். அங்கு ஓடுவதற்கும் நடப்பதற்கும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை; மூச்சுதான் மிச்சம்.

ஊர் எல்லையைத் தாண்டியதும் பண்ணைப் பாதைகள். அதன்பிறகு ஊசியிலைக் காடு. முதல் உலகப்போருக்குப் பிறகு மரத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க, 1919-ல் அரசு தொடங்கிய வனத்துறை வேல்ஸ் மேடுகளில் ஏக்கர் ஏக்கராகச் சிட்கா ஸ்புரூஸ் மரத்தை நட்டது. இது வட அமெரிக்க மரம். சவுக்குத் தோப்பு மாதிரி ஒரே சீராக, நெருக்கமாக நிற்கும். அடியில் புல்கூட முளைக்காது. ஆனால் நிழல் கிடைக்கும். வெயில் நாளில் ஓடுபவர்கள் வாழ்த்திக்கொண்டேதான் அந்தக் காட்டைக் கடக்கிறார்கள்.

காடு முடிந்ததும் வானம் திறந்துகொள்கிறது. அதுதான் ‘மூர்லேண்ட்’ எனப்படும் மேட்டுப் புல்வெளி.

தரிசு என்று பெயர்... ஆனால், தரிசு இல்லை!

தூரத்திலிருந்து பார்த்தால், ஒன்றுக்கும் உதவாத தரிசு போலத்தான் தெரியும். மரம் கிடையாது. முழங்கால் உயரத்துக்குக் குத்துக் குத்தாகப் புல். நடுநடுவே ஹெதர், பில்பெர்ரி புதர்கள். கோரை வளர்ந்த பள்ளங்கள். ஆண்டுக்கு 1,500 மி.மீ-க்கு மேல் மழை கொட்டும் மேடு அது. நீர் வடியாத இடங்களில், செத்த பாசியும் புல்லும் மட்காமல் தேங்கித் தேங்கி, கறுப்பு மண்ணாகிக் கிடக்கும். ‘பீட்’ என்று அதற்குப் பெயர். ஓர் ஆண்டில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் அது வளரும். ஒரு மீட்டர் ஆழம் உருவாக ஆயிரம் ஆண்டுகள் ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதன் எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். மழையைக் குடித்துவைத்துக்கொண்டு, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக ஆறுகளுக்கு விடுகிறது.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு, ‘உணவு உற்பத்தியைப் பெருக்க வேண்டும், மேய்ச்சலைக் கூட்ட வேண்டும்’ என்று பிரிட்டிஷ் அரசே மானியம் கொடுத்து, இந்த மேடுகளில் வடிகால் வெட்டச் சொன்னது. வெட்டினார்கள். மேய்ச்சல் எதிர்பார்த்த அளவுக்குப் பெருகவில்லை. பீட் காய்ந்து அரித்துக்கொண்டு போனது. மழை பெய்தால் கீழே வெள்ளம். இப்போது அதே வாய்க்கால்களை அணைத்து மூடுவதற்கு அரசுப் பணம் செலவாகிறது. வேல்ஸின் வடக்கே வெர்னுயி ஏரிப் பகுதியில் இந்த வேலை பெரிய அளவில் நடந்தது. வெட்டவும் மானியம், மூடவும் மானியம். விவசாயிக்கு இந்த வேடிக்கை எந்த நாட்டில் நடந்தாலும் புரியும்.

ஓடுபவருக்கு இந்த இடம்தான் பாடம் நடத்துகிறது. பச்சைப்பசேல் என்று மெத்தை போல இருக்கும் பாசியில் கால் வைத்தால் தொடை வரை உள்ளே போகும். வெளியே எடுக்கும்போது செருப்பு உள்ளேயே நின்றுவிடும். கோரை அடர்ந்த இடமும் ஈரம்தான் என்றாலும், அதன் தூரில் மிதித்தால் கால் நிற்கும். புல் குத்துகளுக்கு இடையில் பள்ளம் மறைந்திருக்கும். கணுக்கால் மடங்குவது பெரும்பாலும் அங்கேதான். கோடையில் இடுப்பளவு வளர்ந்து பாதையை மூடும் பெரணிக்குள் உண்ணிகள் காத்திருக்கும். ஆட்டிலிருந்து வரும் இந்த உண்ணி மனிதரைக் கடித்தால் ‘லைம்’ என்ற நோய் வரலாம். அதனால், ஓட்டம் முடிந்ததும் கால், தொடை இடுக்கு, முழங்காலின் பின்புறம் எல்லாம் பார்த்து, உண்ணியின் தலை உள்ளே தங்கிவிடாதபடி இடுக்கியால் நேராகப் பிடுங்கி எடுக்க வேண்டும்.

இந்த வழுக்கும் மேட்டில் சர்வசாதாரணமாகத் திரிபவை ஆடுகள்தான். வேலி இல்லாத மலையில், ஒரு பண்ணையின் ஆடு இன்னொரு பண்ணையின் மேய்ச்சலுக்கு எளிதில் போவதில்லை. தாய் ஆட்டின் பின்னால் திரியும்போதே குட்டி தன் எல்லையைக் கற்றுக்கொள்கிறது. அந்தக் குட்டி வளர்ந்து தன் குட்டிக்குக் கற்றுக்கொடுக்கிறது. ஆட்டுக்குப் பழகிப்போன அந்த இடத்தை வேல்ஸ் மொழியில் ‘கனெவின்’ என்கிறார்கள். மனிதன் தனக்குச் சொந்தமென்று உணரும் ஊருக்கும் அதே சொல்தான். இப்படிப் பழகிய மந்தையை விற்றால், பெரும்பாலும் நிலத்தோடு சேர்த்தே விற்பார்கள். மந்தை ஒருமுறை அழிந்தால், புதிதாக வாங்கிவரும் ஆடுகளுக்கு எல்லை தெரியாது. பழக்கியெடுக்கப் பல ஆண்டுகள் ஆகும். 2001-ல் பிரிட்டனைக் கோமாரி நோய் தாக்கி லட்சக்கணக்கான கால்நடைகள் கொல்லப்பட்டபோது, மலை விவசாயிகளை அதிகம் கலங்கவைத்தது இதுதான்.

இந்த மேடுகளில் பெரும்பகுதி பொது மேய்ச்சல் நிலம். நிலத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருப்பார். ஆனால், சுற்றியுள்ள பண்ணைகளுக்கு ‘இத்தனை ஆடு மேய்க்கலாம்’ என்று உரிமை உண்டு. 1965-ம் ஆண்டுச் சட்டப்படி அந்த உரிமைகள் எல்லாம் பதிவேட்டில் ஏறியிருக்கின்றன. ஊருக்கு வடக்கே இருக்கும் அபர்குவெசின் பொது மேய்ச்சல் மட்டுமே 16,500 ஏக்கர். பந்தயப் பாதை தனியார் பண்ணைகளுக்குள்ளும் புகுந்து போவதால், அவர்கள் சம்மதம் இல்லாமல் ஓட்டமே நடக்காது. ஜூன் மாதம் அவர்களுக்கு ரோமம் கத்தரிக்கும் பருவம், புல் அறுத்து ஊறுகாய்ப்புல் போடும் பருவம். அத்தனை வேலைக்கு நடுவிலும் வழிவிடுகிறார்கள். பதிலுக்கு அவர்கள் எதிர்பார்ப்பது, திறந்த கேட்டை மூடிவிட்டுப் போக வேண்டும் என்பதைத்தான்.

லாடம் கட்டிய மாடுகளின் வழி

இந்த மலையில் நீண்ட தூரம் கால் வலிக்கப் போவது புதிதல்ல. ரயில் வரும் முன் பல நூற்றாண்டுகளாக, வேல்ஸின் கறுப்பு மாடுகளைக் கால்நடையாகவே இங்கிலாந்துச் சந்தைகளுக்கு ஓட்டிப்போனார்கள். லண்டன் ஸ்மித்ஃபீல்டு சந்தை வரை போன மாடுகள் உண்டு. கடலோரத்திலிருந்து வந்த மந்தைகள் அபர்குவெசின் கணவாய் வழியாக இறங்கின. கல் பாதையில் குளம்பு தேயாமல் இருக்க மாடுகளுக்கு லாடம் அடித்தார்கள். நம் ஊர் வண்டி மாட்டுக்கு அடிப்பதைப் போலவே, பிளந்த குளம்புக்கு இரண்டு துண்டாக. வாத்துகளை ஓட்டிப்போகும்போது இன்னும் வேடிக்கை. அவற்றைத் தாரிலும் மணலிலும் நடக்கவிட்டு, பாதத்துக்குச் செருப்பு செய்துவிடுவார்கள்.

விற்ற பணத்தைக் கையில் கொண்டுவருவது ஆபத்து. வழிப்பறி அதிகம். பக்கத்து ஊரான லாண்டவரியில் டேவிட் ஜோன்ஸ் என்ற மாட்டு வியாபாரி 1799-ல் வங்கி ஒன்றைத் தொடங்கினார். ‘கறுப்புக் காளை வங்கி’ என்று பெயர். ஒரு நூற்றாண்டுக்கும் மேல் நின்ற அந்த வங்கியை, 1909-ல் லாயிட்ஸ் வங்கி வாங்கிக்கொண்டது.

மேட்டில் நின்று தெற்கே பார்த்தால் எப்பின்ட் மலை நீண்டு கிடக்கிறது. அங்கேயும் இதே புல், இதே ஆடு. ஆனால், குடியிருப்பு கிடையாது. 1940-ல் ராணுவப் பயிற்சிக்காக அரசு அந்த மலையை எடுத்துக்கொண்டது. 54 வீடுகளிலிருந்து 219 பேர் வெளியேற்றப்பட்டார்கள். தலைமுறை தலைமுறையாக வேல்ஸ் மொழி பேசி, ஆடு மேய்த்து வாழ்ந்த சமூகம் அப்படியே கலைந்தது. போர் முடிந்தும் நிலம் திரும்பவில்லை. இன்றும் அது துப்பாக்கிச் சூடு பயிலும் இடம்தான். ஓட்டத்தின் நடுவில், மூச்சு வாங்க நிற்கும் ஒரு நிமிடத்தில் கண்ணில் படும் அந்த மலைக்கு, இப்படியொரு கதை இருக்கிறது.

வெயில் யார் பக்கம்?

முதல் இரண்டு பந்தயங்களில் குதிரைக்குச் சாதகம் கூடுதல் என்று 1982-ல் பாதையை மாற்றினார்கள். அதற்குப் பிறகும் குதிரையே ஜெயித்துவந்தது. சில ஆண்டுகள் சைக்கிள்களையும் சேர்த்துக்கொண்டார்கள்; 1989-ல் ஒரு சைக்கிள்காரர் குதிரையை முந்தினார். காலால் ஓடி யாரும் முந்தவில்லை. பரிசுப் பணத்தை ஆண்டுக்கு ஆயிரம் பவுண்டு கூட்டிக்கொண்டே போனார்கள். வாங்கத்தான் ஆள் இல்லை.

2004-ல் நல்ல வெயில். சுமார் 500 பேரும் 40 குதிரைகளும் ஓடிய அந்தப் பந்தயத்தில், ஹியூ லாப் என்ற ஓட்டக்காரர் 2 மணி 5 நிமிடம் 19 விநாடிகளில் வந்து, முதல் குதிரையை இரண்டு நிமிட வித்தியாசத்தில் வென்றார். சேர்ந்திருந்த 25,000 பவுண்டும் அவருக்கே. 2007-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ஃப்ளோரியான் ஹோல்ஸிங்கர் வென்றார். அதன்பிறகு 15 ஆண்டுகள் மறுபடியும் குதிரைகளின் ராஜ்ஜியம். 2022-ல் ரிக்கி லைட்ஃபுட் என்ற தீயணைப்பு வீரர், இரவுப் பணி முடித்து தூக்கம் இல்லாமல் வந்து ஓடி ஜெயித்தார். மறு ஆண்டு டேனியல் கானலி.

வெயிலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஓடும் உடம்பு சூட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அதை வெளியேற்ற மனிதனுக்கு உடம்பெல்லாம் வியர்வைச் சுரப்பிகள். மேலே ரோமப் போர்வை கிடையாது. குதிரையும் நன்றாக வியர்க்கும் பிராணிதான். ஆனால், அரை டன் எடையுள்ள உடம்பில் உண்டாகும் சூட்டோடு ஒப்பிட்டால், அது வெளியேறத் தோலின் பரப்பு குறைவு. மனிதரும் குதிரையும் ஒரே பாதையில் ஓடும் பந்தயங்களின் பல ஆண்டு நேரங்களை வெப்பநிலையோடு ஒப்பிட்டு 2020-ல் ஓர் ஆய்வு வெளியானது. வெயில் ஏற ஏற இருவரின் வேகமும் குறைகிறது. குதிரையின் வேகம் கூடுதலாகக் குறைகிறது என்பது அதன் முடிவு. இத்தனைக்கும் அந்த ஊரில் ‘நல்ல வெயில்’ என்பது 25 டிகிரியைத் தாண்டுவதுதான்!

நிலமும் கைகொடுக்கிறது. திறந்த பாதையில் குதிரை பறந்துவிடும். செங்குத்தான, கல் உருளும் இறக்கத்திலும், சதுப்பிலும், மரங்களுக்கு இடையே வளைந்து போகும் ஒற்றையடிப் பாதையிலும், சவாரி செய்பவர் குதிரையை அடக்கித்தான் நடத்த வேண்டும். கால் உடைந்தால் குதிரையின் கதை அதோடு முடிந்தது. அந்த இடங்களில்தான் மனிதன் நிமிடங்களைச் சம்பாதிக்கிறான்.

ஓட்டத்துக்கு இடையே கால்நடை மருத்துவர்கள் குதிரைகளை நிறுத்திப் பார்க்கிறார்கள். இதயத்துடிப்பு இறங்குகிறதா, உடம்பில் நீர் வற்றியிருக்கிறதா, நடையில் நொண்டல் தெரிகிறதா என்று சோதித்து, தகுதியில்லை என்றால் அங்கேயே ஓரம்கட்டிவிடுகிறார்கள். சவாரிக்காரர் கெஞ்சினாலும் நடக்காது. மனிதனை இப்படி நிறுத்திப் பார்க்க அங்கே யாரும் இல்லை. கால் பிடித்துக்கொண்டாலும் தலை சுற்றினாலும் ‘இன்னும் கொஞ்சம்தானே’ என்று ஓடிக்கொண்டிருப்பவன் அவன்தான். உப்பும் தண்ணீரும் சேர்த்துக் குடிக்க வேண்டும் என்று தெரிந்திருந்தும், மலைமேல் வீசும் குளிர்ந்த காற்றில் வியர்ப்பதே தெரியாமல், தண்ணீர் குடிக்க மறந்து படுத்துவிடுகிறவர்கள் உண்டு.

முந்தி வருபவர்கள் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். மற்றவர்களுக்கு நான்கு, ஐந்து, அதற்கும் மேல் ஆகிறது. சேறு காய்ந்து வெளுத்த கால்களோடு ஒவ்வொருவராக இறங்கி வருகிறார்கள். சாம்பல் நிறமாகக் கன்றிய முகத்தில், எல்லைக் கோட்டைப் பார்த்ததும் சிரிப்பு வருகிறது.

அன்று ஊரின் விடுதிகளில் இடம் இருக்காது. பந்தயம் கற்றுக்கொடுத்த வழியில், 1980-களின் நடுவிலேயே இன்னொரு போட்டியையும் ஊர் ஆரம்பித்துவிட்டது. யாருக்கும் உதவாத சதுப்பில் 55 மீட்டர் வாய்க்கால் வெட்டி, கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு, அந்தச் சேற்றுத் தண்ணீருக்குள் போய்த் திரும்ப வேண்டும். அதற்கும் வெளிநாடுகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். பாதிரியார் தவளையைப் பார்த்த காலத்திலிருந்தே, மூக்கைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்குபவர்களால் பிழைத்த ஊர்தானே அது!

ஜூன் மாதத்தில் அங்கே இரவு ஒன்பதரை மணிக்குத்தான் சூரியன் மறைகிறது. கடைசி ஓட்டக்காரர் ஊருக்குள் வந்த பிறகும் மலையில் வெளிச்சம் மிச்சமிருக்கும். காலையில் கூட்டத்தைப் பார்த்து மேட்டின் ஓரத்துக்கு ஒதுங்கிய ஆடுகள், குட்டிகளைக் கூட்டிக்கொண்டு, ஓடியவர்களின் காலடித் தடத்தைத் தாண்டி, தங்கள் மேய்ச்சலுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும்.